சிப்பாயின் கடிதத்தைச் சாட்சிக்கு அழைப்போரே!

சென்ற மீலாதுத் திங்களில் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற விழாவில் நாமும் மேடையில் அமர்ந்திருந்தோம். நமக்கு முன்னர்ப் பேசிய அன்பர் நாவன்மை மிக்கவர். முதல் உலகப் பெரும்போரின்போது பிரான்சு நாட்டுப் போர்க்களத்திலிருந்து பஞ்சாப் முஸ்லிம் சிப்பாய் ஒருவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தின் தமிழாக்கத்தை அவர் உருக்கமாகப் படித்தார். அரசரின் உப்பைத் தின்றவர் அவ்வுப்புக்கு உண்மையாய் நடந்து உயிர் துறக்கவும் ஆயத்தமாயுள்ளார் என்னும் கருத்துடையது அக்கடிதம். படித்து முடித்து, "முஸ்லிம் எங்கே வாழ்ந்தாலும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என்று அவர் வினவியபோது பந்தல் அதிரக் கையொலி எழுந்தது. நாமும் கை தட்டினோம், அதனை மறைப்பதற்கில்லை.

திங்கள் ஒன்று கழியவில்லை. முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது கல்லூரியில் விரிவுரையாளராயிருப்பவர், தாம் எழுதிய கட்டுரை ஒன்றை நமக்கு அனுப்பினார். அதில் அதே சிப்பாய்கள் கூலிப் பட்டாளத்தார் ஆயினர். கலீஃபாவின் படைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்கள், சம்பளத்துக்கும் பதக்கத்துக்கும் தீனை விற்றவர்கள் என்று அவர் எழுதியிருந்தார். சான்று யாது? வேறொரு சிப்பாய் வேறொரு வீட்டுக்கு எழுதிய வேறொரு கடிதம். அதில் பணம், பதவி உயர்வு, நிலம் ஆகியவை பற்றிய பேச்சு இருந்தது.

இருவர் கையிலும் இருந்த மூலம் ஒன்றே. 1999ஆம் ஆண்டில் டேவிட் ஒமிசி என்னும் வரலாற்றாசிரியர் தொகுத்து வெளியிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதத் தொகுப்பே அது. மேடை அன்பர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். மாணவ நண்பர் மறு பக்கத்தைப் புரட்டினார். அக்கடிதங்கள் எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்ந்தன என்று இருவருமே ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனை எண்ணிப் பாராமல் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது, எழுதியவனுக்கு இழைக்கும் அநீதி என்பதே நம் வாதம். இருவரும் நமக்கு வேண்டியவர்களே. எனினும் வேண்டியவர் செய்தால் மட்டும் பிழை பிழையாகாமற் போய்விடுமா?

வரலாற்றைச் சிறிது காண்போம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. செப்டம்பர் இறுதி முதலே லாகூர், மீரட் என்னும் பெயர் தாங்கிய இரு இந்தியப் படைப் பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கலாயின. பஞ்சாப் முஸ்லிம்கள், பட்டாணியர், சீக்கியர், கர்வாலிகள், கூர்க்கர், தோக்ராக்கள் முதலியோர் அவற்றில் இருந்தனர். கோடை உடையுடன் வந்தவர்கள் அவ்வாண்டின் மாரிக்காலத்தை ஃபிளாண்டர்சின் சேற்றுக் குழிகளில் கழித்தனர். 1915 மார்ச்சில் நவ் சாபெல் போரிலும், ஏப்ரலில் ஈப்ர நகர்ப் பகுதியில் நச்சுக்காற்றின் நடுவிலும் அவர்கள் மாண்டனர். 1915 இறுதியில் காலாட்படை மெசபட்டோமியாவுக்கு அனுப்பப்பட்டது. குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்சில் இருந்தது.

ஊருக்குக் கடிதம் எழுதுவதே இம்மக்களுக்கிருந்த ஒரே ஆறுதல். 1915 மார்ச்சு வாக்கில் வாரந்தோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை கடிதங்கள் பிரான்சிலிருந்து புறப்பட்டன. உருது, இந்தி, குர்முகி, பஷ்தூ எனப் பல மொழியும் பல எழுத்தும் கொண்டவை அவை. எழுதியோரில் பலர் எழுத்தறியாதவர். சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவார். ஊரில் பெறுவோரும் பெரும்பாலும் எழுத்தறியாதவர்களே. மதரஸாவின் உஸ்தாதோ பள்ளி ஆசிரியரோ தபால்காரரோ படித்துக் காட்ட, வீடே கூடியிருந்து கேட்கும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே ஓர் அலுவலகம் இருந்தது. பிரான்சின் பூலோன் நகரில் 1914 இறுதியில் இந்தியத் தபாலுக்கென்று ஒரு தணிக்கை நிலையம் ஏற்பட்டது. வட அமெரிக்காவில் 1913இல் எழுந்த கதர் இயக்கத்தின் துண்டறிக்கைகள் சிப்பாய்களின் கைக்குப் போய்ச் சேருமோ என்னும் அச்சமே அதற்கு முதற் காரணம். அதன் தலைமையில் அமர்ந்தவர் ஈவ்லின் பெர்க்லி ஹவல், எல்லைப்புற மாகாணத்தில் பணியாற்றிய சிவில் சர்வீசு அதிகாரி. போகும் கடிதமும் வரும் கடிதமும் அங்கே பிரிக்கப்பட்டன. எல்லாவற்றையும் படிக்க ஆளில்லை. ஆகவே பொறுக்கிப் படித்தனர். படித்தவற்றுள் குறிப்பிடத்தக்கன என்று தோன்றிய பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கையுடன் இணைத்து உயரதிகாரிகளுக்கு அனுப்பினர். படை மனநிலை எவ்வாறுள்ளது, யார் சோர்ந்தார், யார் முணுமுணுத்தார் என்பதை நாடி பிடித்துப் பார்க்கும் வேலை அது. அந்த அறிக்கைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. மூலக் கடிதங்களோ உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மண்குடிசைகளின் மாடங்களில் கறையானுக்கு இரையாகி, ஏறத்தாழ முழுமையாக அழிந்தன. சிப்பாயின் சொந்தச் சொல் என்று மேடையில் நாம் கேட்டது, தணிக்கையாளரின் ஆங்கிலம் தமிழானது.

ஹதீஸ் கலை பயின்ற எவரும் மத்னைக் கண்டு மயங்குமுன் இஸ்னாதைக் காண்பர். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் அவ்வரிசையில் ஒருவர் பலவீனமானவராயின் செய்தி எத்துணை இனியதாயினும் தள்ளிவைப்பர். நம் மதரஸாக்களில் பத்தாண்டு இதனையே ஓதிவிட்டு, வெள்ளைக்காரன் வீட்டுக் காகிதம் என்றதும் அக்கலையை மறந்துவிடலாமா? இக்கடிதங்களின் இஸ்னாதைப் பாருங்கள். சிப்பாய் சொல்கிறார். எழுத்தறிந்த தோழர் எழுதுகிறார்; எழுதும்போதே திருத்துகிறார். ரெஜிமெண்டின் ஆங்கில அதிகாரி ஒரு முறை பார்வையிடுகிறார். பூலோனில் ஒருவர் பிரித்துப் படிக்கிறார், ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார், மொழிபெயர்க்கிறார். அறிக்கையாளர் அதனைச் சேர்க்கலாமா விடலாமா என்று முடிவு செய்கிறார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று வரலாற்றாசிரியர் அவற்றுள்ளும் சிலவற்றைத் தெரிகிறார். பின்னர் நம் அன்பர் அதிலும் ஒன்றே ஒன்றைத் தெரிந்து மேடைக்குக் கொண்டுவருகிறார். இத்தனை கை மாறிய செய்தியை "முதவாத்திர்" என்று முழங்கினால், இமாம் புகாரியின் பெயரை நாம் எந்த வாயால் உச்சரிப்பது?

ஒமிசி அவர்களைக் குறை கூறுகிறோம் என்று எவரும் கருதற்க. தணிக்கையின் கதையைத் தம் முன்னுரையில் விரிவாகக் கூறித்தான் அவர் நூலைத் தொடங்குகிறார். முன்னுரையைப் படிக்காமல் நூலைப் புரட்டுவது அவர் பிழையன்று.

இனி, கடிதம் எழுதியவன் இதனை அறியாதவனா? நன்கு அறிந்திருந்தான். தன் சொல்லை வெள்ளை அதிகாரி படிக்கிறான் என்பது முகாம் முழுவதும் தெரிந்த செய்தி. ஆகவே மறைபொருள் வழக்கு ஒன்றை அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். செம்மிளகாய் என்றால் ஆங்கிலேயச் சிப்பாய். கருமிளகு தீர்ந்து வருகிறது என்று ஊருக்கு எழுதினால், வீட்டிலுள்ளோர் சரக்குக் கணக்கென்று எண்ணமாட்டார்கள். தணிக்கையாளரும் நாளடைவில் அதனைப் புரிந்துகொண்டனர் என்பது வேறு கதை. வேறு சிலர், "பிலாவா"க் கொட்டையை ஊரிலிருந்து அனுப்பும்படி கேட்டனர். நம் நாட்டு வைத்தியர் சேராங்கொட்டை என்பது அதுவே. உடம்பில் பட்டால் கொப்புளிக்கும். அக்கொப்புளத்தைக் காட்டி மருத்துவமனைக்குப் போகலாம், போர்முனைக்குத் திரும்பாமல் தப்பலாம். ஒரு பொட்டலம் சேராங்கொட்டைக்காக ஆறாயிரம் கல் தொலைவிலுள்ள தாய்க்கு எழுதுகிறவன், அடுத்த வரியில் அரசரின் உப்பைப் போற்றினால் அதனை எப்படி எடுத்துக்கொள்வீர்? உப்பு வரி பொய் என்று நாம் அடித்துக் கூறவில்லை. அது மெய்யாகவும் இருக்கலாம், மேலாடையாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறியும் வழி உம்மிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. இல்லாதபோது ஏன் சத்தியம் செய்கிறீர்?

தணிக்கை அலுவலகத்தைப் பற்றிய மற்றொரு செய்தி, நம் போன்ற எழுத்துப் பித்தர்களுக்குச் சுவையானது. சிப்பாய் கவிதை எழுதத் தொடங்கினால் அதனை மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறி என்று தணிக்கையாளர் குறித்து வைத்தார். ஹவல் அவர்களே பிற்காலத்தில் பஷ்தூ மொழியின் பெருங்கவிஞர் குஷ்ஹால் கான் கட்டக்கின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் பங்குகொண்டவர். கவிதையறியாதவர் அல்லர். ஆயினும் பூலோன் நாற்காலியில் அமர்ந்தபோது பைத்து பாடியவன் அவர் கண்ணுக்கு நோயாளியாகத் தெரிந்தான். நாற்காலி அப்படிப்பட்டது.

மேடை அன்பருக்கு முஹத்திஸ்கள் வகுத்த மற்றொரு விதியையும் நினைவூட்டுவோம். அறிவிப்பாளர் ஒரு கொள்கையைப் பரப்புகிறவராயிருந்து, அக்கொள்கைக்கே வலுச் சேர்க்கும் செய்தியை அறிவிப்பாராயின், அச்செய்தியை ஏற்கத் தயங்குக என்பது அவ்விதி. சிப்பாயின் அரச விசுவாசத்தைக் கேட்க விரும்பியவர் யார்? அதே அரசு. அதனைத் தொகுத்து அளித்தவர் யார்? அவ்வரசின் ஊழியர். ஆகவே விசுவாச வரிகள் இத்தொகுப்பிலேயே வலுக் குறைந்த வரிகள். மாறாக, அறிவிப்பாளரின் நலனுக்கு எதிராகச் செல்லும் செய்தி வலுவுடையது. இங்கே வந்தவர் எவரும் மீளார், இது போரன்று உலகத்தின் முடிவு, ஊரில் எவரையும் பட்டாளத்தில் சேரவிடாதீர் என்னும் கருத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் பல அறிக்கைகளில் உள்ளன. முஸ்லிம் சிப்பாய்கள் கர்பலாவை நினைவுகூர்ந்தனர். இந்துச் சிப்பாய்கள் மகாபாரதப் போரை நினைவுகூர்ந்தனர். இவற்றை ஒரு தணிக்கையாளர் மறைக்காமல் மேலிடத்துக்கு அனுப்பினார் என்றால், அவை அவர் காதில் அடிக்கடி விழுந்திருக்க வேண்டும்.

இதே அளவுகோலை மாணவ நண்பர் பக்கமும் திருப்புவோம். கூலிப் பட்டாளம் என்று எழுதிவிட்டீர். சிப்பாயின் திங்கட் சம்பளம் அன்று பதினொரு ரூபாய். பதினொரு ரூபாய்க்குத் தீனை விற்றான் என்று எழுதும் பேனா, சிலம்பரிசனம் இல்லாத கையில் கம்பு கொடுத்ததைப் போன்றது. யார் மண்டையில் விழும் என்று அதற்குத் தெரியாது. பொட்வாரின் மானாவாரி நிலத்தில் பிறந்தவனுக்குப் பட்டாளம் என்பது அப்பனும் பாட்டனும் போன தொழில். நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சபர் போனது போல அவர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். 1914 நவம்பரில் இஸ்தம்பூலில் ஜிஹாத் அறிவிக்கப்பட்டபோது, அவர்களில் பெரும் பகுதியினர் ஏற்கெனவே கடல் கடந்துவிட்டிருந்தனர்.

அவ்வறிவிப்புக்குப் பின்னர் எவருமே மனம் கலங்கவில்லையா? 1915 ஜனவரியில் ரங்கூனிலிருந்த 130ஆம் பலூச்சிப் படையில் ஒரு பகுதியினர் போருக்குச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றனர். 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் 5ஆம் காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாற்பத்தேழு பேர் மக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1916 பிப்ரவரியில் பஸ்ராவில் 15ஆம் குதிரைப்படையின் முஸ்லிம்கள், புனிதத் தலங்களுள்ள மண்ணில் முஸ்லிம்களை எதிர்த்துப் போரிட மாட்டோம் என்று மறுத்து, கூட்டம் கூட்டமாகத் தண்டிக்கப்பட்டனர். இவர்களும் அதே பதினொரு ரூபாய்ச் சம்பளக்காரர்களே.

இன்னும் ஒரு வீட்டைக் காட்டுவோம். மீர் தஸ்த் என்னும் அப்ரீதி ஜமாதார், 1915 ஏப்ரல் 26ஆம் நாள் ஈப்ர நகர்ப் போரில் நச்சுக்காற்றின் நடுவே காயமுற்ற அதிகாரிகளைச் சுமந்து காத்து, விக்டோரியா சிலுவை என்னும் மிகப் பெரிய விருதைப் பெற்றார். பிரைட்டன் நகரின் அரச மாளிகை அப்போது இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாக இருந்தது. அங்கே அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜே விருதை அணிவித்தார். அம்மாளிகையில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி அடுக்களை இருந்ததையும், புல்வெளியில் தொழ இடம் ஒதுக்கப்பட்டதையும் படம் பிடித்து உலகெங்கும் பரப்பினர். உருதுவிலும் குர்முகியிலும் விளக்க நூலே அச்சிட்டனர். நகருக்குள் உலவ விடாமல் சிப்பாய்களை வேலியிட்டுக் காத்ததைப் படம் பிடித்தார்களில்லை. இனி மீர் தஸ்தின் உடன்பிறப்பு மீர் மஸ்த் என்பவரைக் காண்போம். அவரும் பிரான்சில் வேறொரு படையில் ஜமாதார். தமையன் ஈப்ரவில் போரிட்டதற்குச் சில வாரம் முன்னர், மார்ச்சு மாதத்தில், சில அப்ரீதிகளுடன் இரவோடு இரவாக ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். ஒரே தாய் வயிறு, ஒரே மலை, ஒரே தொழுகை. மேடை அன்பர் முன்னவரை மட்டும் அழைப்பார். மாணவ நண்பர் பின்னவரை மட்டும் அழைப்பார். அவ்விருவரையும் பெற்றவள் எவரை மட்டும் அழைப்பாள்?

சரி, கடிதத்தைத் தணிக்கையாளர் படித்ததோடு கதை நின்றதா? நிற்கவில்லை. 1916இல் இந்தியா அலுவலகத்து உயரதிகாரி ஒருவர் இக்கடிதப் பகுதிகளைப் புகழ்பெற்ற எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்குக்கு அனுப்பிவைத்தார். அவர் அவற்றை மூலப்பொருளாகக் கொண்டு, இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதுவது போன்ற நான்கு புனைவுகளை எழுதினார். 1917இல் அமெரிக்க இதழில் வெளிவந்து, 1918இல் "ஆசியாவின் கண்கள்" என்ற பெயரில் நூலாயின. பிரான்சின் செல்வத்தையும் ஒழுங்கையும் வியக்கும் சிப்பாய், ஐரோப்பாவிடம் பாடம் கற்கும் சிப்பாய் அவற்றில் பேசினான். கதைஞர் புனையலாம், அவருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் எந்தக் கிணற்றில் நீர் மொண்டார் என்பதைக் கவனியுங்கள். தாய்க்கு எழுதியதை அரசு பிரித்தது. அரசு பிரித்ததை எழுத்தாளர் பெற்றார். எழுத்தாளர் பிழிந்ததை அமெரிக்க மக்கள் காலை உணவோடு படித்தனர். எழுதியவனுக்கு இதில் எந்தப் படியிலும் செய்தி தெரியாது.

எதிர்ப் பக்கத்தார் மட்டும் யோக்கியரா? பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் பிறை முகாம் என்ற பெயரில் முஸ்லிம் கைதிகளுக்கும் பிற இந்தியக் கைதிகளுக்கும் ஒரு முகாம் அமைத்தனர். 1915இல் அங்கே மரத்தாலான பள்ளிவாசல் ஒன்றையும் எழுப்பினர். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்று கட்டப்பட்ட முதற் பள்ளிவாசல் அது. கைதிகளைக் கலீஃபாவின் பக்கம் திருப்புவதே நோக்கம். மொழி ஆராய்ச்சியாளர் வந்து, கைதிகளை ஒலிப்பதிவுக் கருவியின் முன் நிறுத்தி, சொந்த மொழியில் பேசச் செய்து பதிந்துகொண்டனர். அத்தட்டுகள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளன. கடிதமாவது ஊருக்குப் போனது. அக்குரல்கள் ஊருக்கே போகவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழும். போர்க்காலத்தில் கடிதத்தைப் பிடித்துப் படிப்பது எந்த நாட்டில்தான் இல்லை என்பர். உண்மையே, நாம் அதனை மறுக்கவில்லை. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில், மக்கா நோக்கிப் படை புறப்படும் வேளையில், நபித்தோழர் ஹாத்திப் (ரலி) அவர்கள் அச்செய்தியைக் குறைஷியருக்குக் கடிதமாக எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அலீ (ரலி) முதலியோர் ரவ்ளத்து காக் என்னுமிடத்தில் அப்பெண்ணை மறித்து, அவள் கூந்தலில் ஒளித்திருந்த கடிதத்தைக் கைப்பற்றினர். கடிதம் பிடிக்கப்பட்டது, படிக்கப்பட்டது. ஆனால் அடுத்து நடந்தது என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிதத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறவில்லை. எழுதியவரை அழைத்து, இது என்ன என்று வினவினார்கள். தம் குடும்பத்தார் மக்காவில் காப்பார் எவருமின்றி இருப்பதையும், அவர்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தேடவே எழுதியதையும் ஹாத்திப் கூறினார். உமர் (ரலி) வாளுக்கு அனுமதி கேட்டபோதும் நபியவர்கள் அவர் சொல்லை ஏற்று, பத்ருக் களத்தில் நின்றவர் என்பதை நினைவூட்டி மன்னித்தார்கள். வெளிப்படையான குற்றம் கொண்ட கடிதத்துக்கே, எழுதியவனின் வாய்மொழி கேட்கப்பட்டது. கடிதத்தின் உள்ளே வீடு இருந்தது. அது விசாரணையில் வெளிவந்தது. பஞ்சாப் சிப்பாயை எவர் அழைத்து வினவினார்? பூலோனில் வினவவில்லை. மேடை அன்பரும் மாணவ நண்பரும் வினவ இயலாது. அவன் மண்ணாகி நூறாண்டாயிற்று. வினவ இயலாதவன் தலையில் தீர்ப்பை மட்டும் ஏற்றுவதற்கு யார் அனுமதி தந்தார்?

அப்படியாயின் இக்கடிதங்களைத் தூக்கி எறிவதா என்பீர். எறியச் சொல்லவில்லை. கசப்பான ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தத் தணிக்கையாளர் பிரித்திராவிட்டால் இந்த வரிகளும் நமக்கு எஞ்சியிரா. தாய்மார் காத்த மூலங்கள் அழிந்தன. வேவு பார்த்தவன் எழுதிய நகல் நின்றது. இதை நினைக்குந்தோறும் நமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆயினும் உண்மை அதுவே.

ஆகவே படியுங்கள், ஆனால் அரசுக்குச் சுவையில்லாத வரிகளில் கண்ணை நிறுத்திப் படியுங்கள். வீட்டுச் செய்திகள் அவை. எருமை கன்று ஈன்றதா, கடன்காரன் வந்தானா, தம்பிக்குப் பெண் பார்த்தாயிற்றா என்னும் கேள்விகள். பிரெஞ்சு உழவர் வீட்டில் தங்க நேர்ந்தவர்கள், அவ்வீட்டுக் கிழவி தம்மை மகன் போல் நடத்தியதையும், அவள் தன் சொந்தப் பிள்ளைகளைப் போரில் இழந்தும் வேலையை நிறுத்தாததையும் எழுதினர். ரமளானில் நோன்பு வைத்ததையும் பெருநாள் தொழுததையும் எழுதினர். பிரெஞ்சுப் பெண்ணொருத்தியை மணந்த குதிரைப்படைச் சிப்பாய் ஒருவர், சினம் கொண்ட சொந்தங்களுக்குச் சமாதானம் எழுதிய கதையும் உண்டு. அங்குள்ள பெண்கள் எழுதப் படிக்க அறிந்து கடை நடத்தி நிலம் உழுவதைக் கண்டவர்களில் பலர், நம் பெண் மக்களையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு வற்புறுத்தி எழுதினர். 1915, 1916 ஆகிய ஆண்டுகளில் எழுத்தறியாத பட்டாளத்துக்காரன், பெண் கல்விக்காக வாதாடுகிறான்! நம் சமுதாயத்தில் மேடை போட்டு அதை எதிர்த்தவர்கள் அப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வரியைக் கையில் எடுத்து மேடை ஏறியவர் ஒருவரையும் நாம் காணவில்லை. உப்பு வரிதான் இனிக்கிறது போலும்.

பெண்டிர் எழுதிய கடிதங்களோ தொகுப்பில் மிகச் சிலவே. மனைவி என்ன கேட்டாள், தாய் எதை அனுப்பினாள் என்பதை மகனின் மறுமொழியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் எழுதும் நாம் தூயவர் அல்லோம். நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஓதும் பிள்ளை என்பதால், தெருவிலுள்ள பெண்களுக்குக் கடிதம் படித்துக் காட்டும் வேலை நம்மிடம் வந்தது. சவூதியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் கடிதங்கள். ஒரு மாமிக்கு அவர் மகன் எழுதிய கடிதத்தின் நடுவே, "இதைப் படிப்பவருக்கு: பின்வரும் செய்தியை உம்மாவிடம் படிக்க வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தது. இயந்திரத்தில் கை நசுங்கி மருத்துவமனையில் இருந்த செய்தி அதன்பின் இருந்தது. நாம் தாண்டிப் படித்தோம். மாமி நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் வாப்பா நிறுத்தினே?" என்றார். எழுத்து புரியவில்லை என்று பொய் சொன்னோம். எழுதியவரின் இசைவோடு செய்த தணிக்கை அது; ஆயினும் தணிக்கையே. பன்னிரண்டு வயதில் ஒரு கடிதத்தில் நம் கை இவ்வளவு செய்யுமென்றால், பூலோனில் ஓர் அரசின் கை எவ்வளவு செய்திருக்கும்?

அக்கடிதங்களில் பாதிப் பக்கம் ஸலாம் வரிசையே இருக்கும். பெரிய வாப்பாவுக்கு ஸலாம், சாச்சிக்கு ஸலாம், எதிர்வீட்டு மாமிக்கு ஸலாம், இன்னார் மகளுக்குத் துஆ என்று பெயர் பெயராக வரும். திண்ணையில் கூடியிருக்கும் பெண்கள் தம் பெயர் வரும்வரை காத்திருப்பார்கள். ஒரு பெயர் விடுபட்டால் அன்று முழுதும் மனத்தாங்கல். பிரான்சிலிருந்து போன கடிதங்களிலும் அவ்வரிசை இருந்திருக்கும். அறிக்கைக்குப் பகுதி வெட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே தொகுப்பிலும் அதனைத் தேடிப் பயனில்லை.

அடுத்த மீலாதில் அதே பந்தலில் அன்பர் மீண்டும் அக்கடிதத்தைப் படிக்க எண்ணினால், அது பூலோன் தணிக்கை அலுவலகத்தில் வெட்டியெடுத்து மொழிபெயர்க்கப்பட்ட பகுதி என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நாமும் வருவோம், முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.